நல்ல மாப் எது?

"அம்மா, நல்ல மாப் எது?"

தில்லைநாயகம் ஐயா கேட்டது இதைத்தான். வைகாசிப் பௌர்ணமி, சாயங்காலம், அறுபது பேர் உட்கார்ந்திருந்த ஹாலில்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

எங்கள் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. தங்கியிருக்கும் சீடர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். நடுவில் கேட்கக் கூடாது. இந்த மாசத்துக் கேள்வியை அடுத்த மாசத்துக்கு மிச்சம் பிடிக்கவும் கூடாது. கேட்டால் அம்மா பதில் சொல்வார். இல்லாவிட்டால் எதையாவது செய்து காட்டுவார். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அதனால் மாசம் முழுக்க ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கேள்வி தயாரிப்பார்கள். பிறவி ஏன், வினை எது, மாயை எங்கே தொடங்குகிறது, இப்படி. மாப்பைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அதிலும் தில்லைநாயகம் ஐயா கேட்பார் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் வந்து ஐந்து மாசமாகியும் ஒரு கேள்வி கேட்டதில்லை. சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் வைத்திருப்பார். ஒவ்வொரு பௌர்ணமியும் கை பை வரைக்கும் போகும், திரும்பி வந்துவிடும். உள்ளே என்னவோ பெரிய கேள்வி இருக்கிறது என்று எல்லோரும் காத்திருந்தோம்.

நான் யார் என்று சொல்லவில்லையே. ஜெயக்கொடி. இங்கே பதினோரு வருஷமாகச் சமைக்கிறேன். ஞானம் வரவில்லை. சாம்பார் நன்றாக வருகிறது.

அம்மா என்றால் வளர்மதி அம்மா. வயது நாற்பத்தொன்றுதான். தில்லைநாயகம் ஐயாவுக்கு அறுபத்தாறு. அதனால் என்ன, குரு குருதான். குடிலுக்கு வருவதற்கு முன்னால் அம்மா திண்டுக்கல்லில் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒன்பது வருஷம் விசிலும் கையுமாக நின்று, "உள்ளே தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று தொண்டை வறளக் கத்தியவர். அதனாலோ என்னவோ இப்போது அதிகம் பேசுவதில்லை.

அன்றைக்கும் பேசவில்லை. எழுந்து வந்தார். ஹால் மூலையில் சாத்தியிருந்த மாப்பை எடுத்தார். இன்னும் ஈரம் காயாத அதன் தலையை மூக்கருகே கொண்டுபோனார்.

கண்ணை மூடிக்கொண்டார். மோந்து பார்த்தார். பூவை மோந்து பார்க்கிற மாதிரி, நிதானமாக.

பிறகு அதை ஐயாவின் கையில் கொடுத்தார்.

"அடுத்தவங்க கேளுங்க," என்றார்.

அவ்வளவுதான் பதில்.

*

ஐயா ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று சொல்ல வேண்டும். காரணம் செம்பி.

செம்பி குடிலின் நாய். செம்மண் நிறம். பதின்மூன்று வயது. ஒரு வருஷத்துக்கு மேலாகக் கண் தெரியாது. இரண்டு கண்ணிலும் பால் விட்ட மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. ஹாலின் கிழக்கு ஜன்னல் அடியில் ஒரு சாக்கு. அதுதான் அவள் இடம்.

ஐயா வந்த நாள் முதல் செம்பிக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் தியானத்துக்கு உட்கார்ந்தால் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டு படுப்பாள். அவரும் காலை அசைக்க மாட்டார். மரத்துப்போய் எழுந்து நொண்டிக்கொண்டே சாப்பிட வருவார். ஒருநாள் சோறு போடும்போது கிண்டலாகக் கேட்டேன், தியானம் உங்களுக்கா நாய்க்கா என்று. வீட்டில் யாரும் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றார். அதற்கப்புறம் நான் கிண்டல் செய்யவில்லை.

குடிலில் வந்து சேருகிறவர்களுக்கு ஆளுக்கொரு வேலை உண்டு. ஐயாவுக்கு ஹால் தரை. பொதுப்பணித் துறையில் என்ஜினீயராக இருந்தவர், கையில் துடைப்பம்கூடப் பிடித்ததில்லை. ஆனாலும் குறை சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் அந்த வேலை பார்த்தவர் வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியை இழுத்துவிட்டுப் போவார். ஐயா காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. ஒரு மூடி பினாயில் போதும் என்றால் மூன்று மூடி. தரையைத் துடைப்பதாக நினைக்கவில்லை, மனதைத் துடைப்பதாக நினைத்துக்கொள்கிறேன் என்பார்.

கடப்பாக் கல் பதித்த தரை. கன்னங்கரேல் என்று இருக்கும். ஒரு முடி விழுந்தாலும் தெரியும், ஒரு சொட்டு காய்ந்தாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். அதில் செம்பியின் முடி வேறு, பூசணி என்று நாங்கள் கூப்பிடும் குடில் பூனையின் முடி வேறு.

முடிகூடப் பரவாயில்லை. செம்பி ஹாலுக்குள்ளேயே மூத்திரம் போக ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பௌர்ணமி அன்று கூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தபோது சாக்கிலிருந்து எழுந்தாள். தட்டுத் தடுமாறி நடுத்தூண் வரைக்கும் வந்தாள். அங்கேயே உட்கார்ந்து போய்விட்டாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் அதில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

கோதண்டபாணி முகம் சிவந்தது. அவர்தான் குடிலின் டிரஸ்ட் தலைவர், ஹாலைக் கட்டிக் கொடுத்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வயசானவர்கள் வந்துபோகிற இடம், யாராவது இடுப்பை உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயம்தானே.

அடுத்த பௌர்ணமி வரைக்கும் பார்ப்போம் என்றார். அன்றைக்கும் ஹால் இப்படியே இருந்தால் செம்பியை நத்தத்தில் இருக்கும் தன் அரிசி மில்லுக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொன்னார். அங்கே காவல் நாய்களோடு கட்டிப்போட்டு வைப்பார்களாம். சோறு உண்டு, குறைவில்லை.

கண் தெரியாத கிழட்டு நாயைச் சங்கிலியில் கட்டி, முன்பின் தெரியாத நாய்களுக்கு நடுவில் விட்டால் எத்தனை நாள் இருக்கும்? ஒரு வாரம்.

அப்புறம்தான் கேள்வி நேரம். ஐயாவின் கை சட்டைப் பைக்குப் போனது. தாளைத் தொட்டது. வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"அம்மா, நல்ல மாப் எது?"

*

மாப்பை மோந்து பார்த்தால் என்ன அர்த்தம்?

ஐயா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் முகம் மலர்ந்து சமையல்கட்டுக்கு வந்தார்.

"நாறுதுன்னு சொல்றாங்க ஜெயக்கொடிம்மா. மாப் பழசாயிடுச்சு. அதான்."

எனக்கும் சரி என்றே பட்டது.

பஸ் ஏறி திண்டுக்கல் கடைவீதிக்குப் போனார். மாலையில் திரும்பியபோது ஆளையே காணோம், குச்சிகள்தான் வந்தன. நாலு மாப். கூடவே மல்லிகை வாசம் போட்ட பினாயில், ஐந்து லிட்டர் கேன்.

கடைக்காரர் என்ன வீடு சார், எத்தனை பேர் என்று கேட்டாராம். ஒரு நாய், ஒரு பூனை, மோட்சம் தேடுகிறவர்கள் பதினான்கு பேர் என்று சொன்னாராம். கடைக்காரர் நாலையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அடுத்த பத்து நாள் ஹாலில் நடந்தது ஆராய்ச்சி. என்ஜினீயர் அல்லவா, சும்மா துடைப்பாரா. ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினார். நான் காய் நறுக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தேன்.

நூல் மாப் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தது. பிழியப் பிழிய வந்தது. தரை காய அரைமணி ஆனது, செம்பியின் பின்னங்கால் இரண்டும் வழுக்கிப் பிரிந்தன. நூலுக்குள் புகுந்த முடியைப் பேன் பார்ப்பதுபோல் உட்கார்ந்து எடுக்க வேண்டியிருந்தது.

ஸ்பாஞ்ச் மாப் முடியை எடுக்கவில்லை. உருட்டிக்கொண்டே போய்ச் சுவரோரம் சேர்த்தது.

வாளிக்குள் வைத்துச் சுழற்றுகிற மாப் நன்றாகப் பிழிந்தது. ஆனால் முதல் தடவை அலசியதுமே வாளித் தண்ணீர் கறுத்துவிட்டது. அதே தண்ணீரில் மறுபடி முக்கி, அதே தரையில் மறுபடி போட்டு, மூலையில் இருந்த மூத்திரத்தை ஹால் முழுக்கப் பங்கு வைத்த மாதிரி ஆயிற்று.

தட்டை மாப்தான் தேறியது. அடியில் ஒட்டிக்கொள்கிற துணி. ஒன்று அழுக்கானால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். காய்ந்த துணியை மாட்டித் தள்ளினால் முடியெல்லாம் துணியோடு வந்துவிடும். அப்புறம் ஒட்டப் பிழிந்த துணியை மாட்டி ஒரு தள்ளு. நூறு எண்ணுவதற்குள் தரை காய்ந்துவிட்டது.

பளபளவென்று இருந்தது ஹால். மல்லிகை மணத்தது. ஐயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் செம்பி எழுந்தாள். நாலடி நடந்தாள். நின்றாள். இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். முனகினாள்.

அங்கேயே போய்விட்டாள்.

மறுநாள் இரண்டு இடத்தில். அதற்கு மறுநாள் மூன்று. பூசணிப் பூனை பாதத்தை நக்கிவிட்டு என் அடுப்படியில் வாந்தி எடுத்தது.

நல்ல மாப் கிடைத்தும் நிலைமை மோசமானதுதான் ஐயாவுக்குப் புரியவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டார். பௌர்ணமிக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. அம்மாவிடம் கேட்கவும் முடியாது. மாந்தோப்பில் அம்மா நடந்து போகும்போது ஐயா கூடவே போவார், வாயைத் திறக்க மாட்டார். அம்மாவும் திறக்க மாட்டார். பார்க்கிற எனக்குத்தான் ஆத்திரமாக வரும்.

*

பிறகு ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தது. நல்ல காய்ச்சல், மூன்று நாள் படுக்கை. கஞ்சி கொண்டுபோனால் ஹால் என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்பார். நன்றாக இருக்கிறது, படுங்கள் என்பேன். உண்மையில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு முழங்கால் வலி.

நாலாம் நாள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே ஹாலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், திட்டு வாங்கத் தயாராக.

முடி பறந்தது. தூசி படிந்திருந்தது. பூனையின் காலடி வரிசை வரிசையாகத் தெரிந்தது.

மூத்திரம் மட்டும் இல்லை.

ஐயா மூலை மூலையாகப் பார்த்தார். குனிந்து பார்த்தார். யார் துடைத்தது என்று கேட்டார். யாரும் துடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். மூன்று நாளும் செம்பி எங்கே போனாள் என்றார். எனக்கென்ன தெரியும்? வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பார்த்ததாக ஞாபகம் என்றேன்.

அவர் போய் வாளியை எடுத்து வந்தார். பினாயில் ஊற்றி நன்றாகத் துடைத்தார். பிறகு சுவரோரம் உட்கார்ந்து காத்திருந்தார்.

மத்தியானம் செம்பி எழுந்தாள். நாலடி. நின்றாள். முனகினாள். போய்விட்டாள்.

"ஜெயக்கொடிம்மா," என்றார் மெதுவாக. "நான் வர்றதுக்கு முன்னால இவ உள்ள போவாளா?"

யோசித்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"இல்லைங்கய்யா. கண்ணு போன புதுசுலகூட வெளியேதான் போவா."

ஐயாவின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஐந்து மாசமாக ஒரு நாள் தவறாமல், காலையும் மாலையும் துடைத்த மனிதர்.

அன்றிலிருந்து மாப் மூலையில் கிடந்தது. நாலு நாள் ஐயா ஹாலில் படுத்துக் கிடந்தார். தூங்க இல்லை. குப்புறப் படுத்து, கன்னத்தைக் கடப்பாக் கல்லில் வைத்து, செம்பி எழுந்தால் அவள் பின்னாலேயே முட்டிபோட்டு நகர்ந்தார். மற்ற சீடர்கள் இது என்ன சாதனை என்று விசாரித்தார்கள். ஒருவர் தானும் படுத்துப் பார்த்தார்.

ஐயா சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். அதன் வெறும் பக்கத்தில் பென்சிலால் ஹாலை வரைந்தார். சாக்கு, தூண், வாசல். செம்பி நடந்த இடத்தில் எல்லாம் ஒரு கோடு. நாலு நாளில் கோட்டின் மேல் கோடாக விழுந்து, ஒரே தடித்த பாதையாகத் தெரிந்தது. சாக்கில் தொடங்கி, நடுத்தூணை ஒட்டி, வாசல் வரைக்கும். ஒரு முழ அகலம். அதை விட்டு ஒரு சாண்கூட விலகவில்லை. மூக்கைத் தரையில் வைத்து, நேற்று தான் போன வழியை மோந்து மோந்தே போகிறாள்.

ஐந்தாம் நாள் அம்மா ஹாலுக்கு வந்தார். ஐயா தரையில் கிடந்தார். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைக் கல்லில் வைத்திருந்தார்.

திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். மூலையில் இருந்த மாப்பைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பௌர்ணமி இல்லையே என்று ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

அம்மா தரையில் கிடந்த தாளை எடுத்தார். கோட்டைப் பார்த்தார். திருப்பினார். பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியுமா.

ஒரே வரி. 'கோமதி இப்போது எங்கே இருக்கிறாள்?'

கோமதி அவர் மனைவி. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம்.

இந்தக் கேள்வியோடு வந்தவர்தான் மாப் எது என்று கேட்டாரா? எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்ததற்காக என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா தாளைத் திருப்பி, கோடு போட்ட பக்கம் மேலே தெரியும்படி அவர் கையில் கொடுத்தார். போய்விட்டார்.

*

மல்லிகைப் பினாயில் கேன் கக்கூஸுக்குப் போனது. செம்பி மோந்து போகிற வழியைத் தினமும் அழித்தது பினாயில் நெடிதானே.

ஐயா பழைய மூத்திர இடங்களை எல்லாம் வினிகர் கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவினார். மூக்கை வைத்துப் பார்த்து, மறுபடி கழுவினார். அதன்பிறகு தினம் காலையில் தட்டை மாப். முதலில் காய்ந்த துணி, முடிக்கு. பிறகு வெறும் வெந்நீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணி. நாலு வீச்சுக்கு ஒரு துணி மாற்றினார். அழுக்குத் துணியை மறுபடி வாளிக்குள் விடவே இல்லை. கொடியில் தினம் ஒரு டஜன் துணி காய்ந்தது.

சாக்கிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு முழ அகலத்தை மட்டும் விட்டுவிட்டார். அதில் காய்ந்த துணிகூட வாரத்துக்கு ஒருமுறைதான்.

கறுப்புத் தரையில் அந்த இடம் மட்டும் மங்கலாக, காலடி காலடியாகத் தெரிந்தது. தில்லைநாயகம் பாதி துடைத்துவிட்டுத் தூங்கிவிட்டார் என்று சீடர்கள் கேலி பேசினார்கள்.

பௌர்ணமிக்கு மிச்சமிருந்த ஆறு நாளும் செம்பி வெளியேதான் போனாள்.

*

ஆனிப் பௌர்ணமி வந்தது.

கோதண்டபாணி சீக்கிரமே வந்துவிட்டார். கூடவே மில் ஆள் ஒருவர். அவர் கையில் புதுச் சங்கிலி.

கோதண்டபாணி தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. மூக்கை உறிஞ்சினார். நாற்றம் இல்லை. பரவாயில்லை என்று தலையாட்டினார். பிறகு அந்த ஒரு முழம் கண்ணில் பட்டது. இது ஏன் இப்படி இருக்கிறது, இன்னும் துடைக்கவில்லையா என்று கேட்டார். ஐயா வேண்டுமென்றே விட்டதாகச் சொன்னார். கோதண்டபாணியின் புருவம் ஏறியது. சங்கிலிக்காரரை வாசலில் இருக்கச் சொன்னார்.

ஐயா பாய்களை அவரே போட்டார். பாதைக்கு இந்தப் பக்கம் பாதிப் பேர், அந்தப் பக்கம் பாதிப் பேர். யாரும் அதில் உட்காரவில்லை. எல்லாம் சரி. ஒன்றைத் தவிர.

அம்மாவின் பலகை.

பௌர்ணமி அன்று மட்டும் அம்மா ஹாலின் நடுத்தூணில் சாய்ந்து, ஒரு தேக்குப் பலகையில் உட்காருவார். அது அவருடைய குருவின் பலகை. அம்மாவைத் தவிர வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. அம்மாவே கொண்டுவந்து போடுவார், அம்மாவே எடுத்துப்போவார். பதினோரு வருஷமாக நான் பார்க்கிறேன், ஒரே இடம்தான்.

அன்றைக்கும் அங்கேயே போட்டார். செம்பியின் பாதைக்குக் குறுக்கே.

ஐயாவின் முகம் வெளிறிவிட்டது. போன பௌர்ணமியில் செம்பி சரியாக எந்த இடத்தில் வந்து நின்றாள் என்று எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

சொல்லலாம் என்றால் கேள்வி நேரத்தில் கேள்வியைத் தவிர யாரும் வேறு பேசக் கூடாது. அம்மா உட்கார்ந்தாயிற்று.

முதல் கேள்வி ஆரம்பித்தது. ஒருவர் கர்மாவைப் பற்றி நீளமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் சாக்கு அசைந்தது.

செம்பி எழுந்தாள். உடம்பை உதறினாள். மூக்கைத் தரையில் வைத்தாள். கிளம்பினாள்.

நேராக வந்தாள். அறுபது பேருக்கு நடுவில், இரண்டு பக்கமும் முழங்கால் வரிசை, அவள் பாட்டுக்கு வந்தாள். கர்மாக்காரர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

பலகை வரைக்கும் வந்தாள். மூக்கு பலகையில் இடித்தது.

நின்றாள். இடது பக்கம் மோந்தாள். வலது பக்கம் மோந்தாள். முனகினாள்.

பின்னங்கால் மெல்ல மடியத் தொடங்கியது.

கோதண்டபாணி தொண்டையைச் செருமினார். வாசலில் சங்கிலி கிணுங்கியது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

தில்லைநாயகம் ஐயா எழுந்து நின்றார். கை சட்டைப் பைக்குப் போனது. தாளை வெளியே எடுத்தது. ஆறு மாசத்தில் முதல் தடவையாகக் கூட்டம் அந்தத் தாளைப் பார்த்தது.

தாளின் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று தெரியாத மாதிரி ஒரு கணம் நின்றார்.

"அம்மா," என்றார். "கொஞ்சம் தள்ளி உட்கார முடியுமா?"

யாரோ "சிவ சிவா" என்றார்கள்.

அம்மா அவரைப் பார்த்தார். ஒன்பது வருஷம் ஊரையே தள்ளிப் போகச் சொன்னவர். இந்தக் குடிலுக்கு வந்தபிறகு அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எழுந்தார். பலகையைக் கையில் எடுத்தார். நாலடி நடந்து, சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க கேள்வி ஆச்சு," என்றார். "அடுத்தவங்க கேளுங்க."

மடிந்த கால் நிமிர்ந்தது. மூக்கு மறுபடி தரைக்குப் போனது. செம்பி நடந்தாள். தூணைக் கடந்தாள். வாசலைத் தாண்டினாள். சங்கிலிக்காரரின் காலை உரசிக்கொண்டு படியிறங்கி, வேப்பமரத்தடிக்குப் போனாள்.

கோதண்டபாணி எழுந்து அவள் பின்னாலேயே வாசல்வரை போனார். தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ஹாலில் கர்மா மறுபடி ஆரம்பித்தது. தில்லைநாயகம் ஐயா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தார்.

செம்பி திரும்பி வந்தாள். படியேறினாள். வாசலில் மூக்கு எதன் மேலோ இடித்தது.

கோதண்டபாணி குனிந்து பார்த்தார். தான் எதன் மேல் நிற்கிறோம் என்று பார்த்தார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா கர்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் ஓரமாக நகர்ந்து நின்றார்.